கை கழுவிவிட்டுத் தொடுங்கள்: பதினெட்டு பொட்டலங்களோடு ஒரு ஐரோப்பியப் பயணம், 1993

போன பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறானாம். நம் நிறத்தைப் பார்த்து விமான நிலையத்தில் தனியாக நிறுத்துவார்களாமே, உண்மையா, நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று. உண்மைதான். எனக்கே நாலைந்து தடவை நடந்திருக்கிறது. அதில் முதல் தடவை நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று என் கூட மதினி, அதாவது அண்ணன் மனைவி, இருந்தார். நான் தனியாகப் போயிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன், எழுதுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது.

1993 ஆகஸ்ட் மாதம். ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி சாலையில் என் அண்ணன் சிறிய அளவில் பேண்டேஜ் துணி செய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. எங்கள் பக்கத்தில் இது தெருவுக்குத் தெரு தெரிந்த தொழில். அதுவரை பம்பாய் ஏஜென்ட் ஒருவர் எங்கள் துணியை வாங்கி, தன் பெயரைப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வருடம் முதல் தடவையாக ஜெர்மனியிலிருந்து ஒரு நிறுவனம் நேராக எங்களுக்கே கடிதம் போட்டது. ஆறு லாட், அதாவது ஆறு தடவையாகத் தயாரித்த துணி, லாட்டுக்கு மூன்று பொட்டலம், ஆக மொத்தம் பதினெட்டு. கிருமி நீக்கி ஒட்டிய பொட்டலங்களை ஒட்டு பிரியாமல் நேரில் கொண்டுவர வேண்டும், அவர்களுடைய பரிசோதனைச் சாலையில் அவர்கள்தான் பிரிப்பார்கள். வழியில் பிரிந்துபோனால் அது கணக்கில் சேராது. தேறினால் எங்கள் பெயரிலேயே ஆர்டர்.

போக வேண்டியது அண்ணன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். நல்லவேளையாக எங்கள் மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். அதனால் மதினியும் நானுமாகப் பெண்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, அண்ணனிடமே துணிச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி பெயர் பேச்சியம்மாள், வயது முப்பத்தெட்டு, பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், படிப்பு ஆறாம் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். துணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்தால் போதும், அங்குலத்துக்கு எத்தனை இழை என்று சொல்லிவிடுவார். நான் கண்ணாடி வைத்து எண்ணி முடிக்கும்போது அதே எண்ணிக்கைதான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

வழியைச் சொல்கிறேன். மதியம் ஒன்றரை மணிக்கு ராஜபாளையத்தில் பஸ். மதுரைக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி நேரம், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பதினொன்றாவது கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும், பஸ் நின்ற ஐந்து நிமிடத்தில் மதினி இறங்கி ஓடி அரைக் கிலோ பால்கோவா வாங்கிவந்தார். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுப் படி ஏறக் கூடாதாம், அது ஜெர்மனியானாலும். பொட்டலங்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் கண்டக்டருக்கும் அவருக்கும் தகராறு.

"பெட்டிய மேல போடுங்கம்மா, எடஞ்சலா இருக்கு."

"இது புண்ணுக்குக் கெட்டுதது. மேல போட மாட்டேன்."

"அப்ப லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

"எம்புட்டுன்னு சொல்லு, எடுக்கேன்."

மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு ரயிலில் பதினோரு மணி நேரம். மெட்ராஸிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ஒன்பது மணி நேரம் பறந்து ஐரோப்பா. போகவர இரண்டு பேருக்கும் ஐம்பத்தாறாயிரம் ரூபாய் ஆனது. அந்தக் காசுக்குப் பழைய தறி இரண்டு வாங்கிப் போட்டிருக்கலாம் என்று அண்ணன் படுக்கையிலிருந்தே கணக்குச் சொன்னார்.

ஜெர்மனிக்குப் போகிற விமானத்தை வழியில் இன்னொரு நாட்டில் மாறிப் பிடிக்க வேண்டும். அது எந்த நாடு, எந்த விமான நிலையம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இறங்கியது காலை ஆறு பத்துக்கு. அடுத்த விமானம் ஒன்பது ஐம்பது. மூன்று மணி நாற்பது நிமிடம் தாராளம் என்று நினைத்தோம். விமானம் மாறுகிறவர்களுக்கு அங்கே மறுபடி ஒரு சோதனை உண்டு. பம்பாயிலிருந்து கூட வந்தவர்கள் வேறு வேறு வழியில் பிரிந்துபோய்விட, நாற்பது பேர் போல வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பெட்டியை எந்திரத்தில் விட்டு, மறுபக்கம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் ஒரு பெண் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஓரமாக நிற்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோட்டும் டையும் போட்ட ஆப்பிரிக்கப் பெரியவர். அந்த முழு வரிசையிலும் வெள்ளைத் தோல் இல்லாதவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நிறுத்தப்பட்டவர்களும் நாங்கள் மூன்று பேர்தான்.

இந்த இடத்தில்தான் மதினி ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊர் மில்களில் வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பெண்களை ஒரு வாட்ச்வுமன் தடவிப் பார்ப்பாள். நூல் எதையும் ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று. பதினோரு வருடம் தினமும் அதற்கு நின்று பழகியவர் மதினி. சீருடையோடு அந்தப் பெண் அதிகாரி கிட்டே வந்ததும், யாரும் எதுவும் கேட்காமலேயே, முந்தானையை உதறிக் காட்டினார். கொண்டையை அவிழ்த்துக் காட்டினார். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கீழே வைத்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். எல்லாம் அரை நிமிடத்தில்.

அந்தப் பெண் அதிகாரி இரண்டடி பின்னால் போய் ரேடியோவில் யாரையோ கூப்பிட்டார்.

எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுவரின் மேல்பாதி கண்ணாடி, அதன் வழியாக வரிசை தெரிந்தது. நரைத்த மீசை வைத்த மேலதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வி, இந்த அம்மாளை இதற்கு முன் சோதித்திருக்கிறார்களா என்று. ஆமாம் என்றேன். எத்தனை தடவை? தினமும், பதினோரு வருடமாக என்றேன். உண்மையைச் சொல்கிறோம் என்ற நிம்மதியில் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. எந்த நாட்டுப் போலீஸ் சோதித்தது என்று கேட்டார். போலீஸ் இல்லை, நூற்பாலை என்று விளக்கினேன். நூற்பாலைத் தொழிலாளி எப்படி விமானத்தில் வருகிறார் என்று கேட்டார். இப்போது தொழிற்கூடம் வைத்திருக்கிறார்கள் என்றேன். எதை முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அதைக் கடைசியில் சொன்னால் எல்லாமே பொய் மாதிரித்தான் இருக்கும். மணி ஏழே கால்.

பால்கோவாவை முகர்ந்து பார்த்தார்கள், ஊசி விட்டுப் பார்த்தார்கள். ஜெர்மன் நிறுவனத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எட்டே காலுக்கு மேலதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே பிரித்துக் காட்டுவதற்கென்று வைத்திருந்த சாதாரண ரோல்கள் ஆறு, அதற்குக் கீழே ஒட்டிய பொட்டலங்கள் பதினெட்டு. மேஜை இழுப்பறையிலிருந்து பிளேடு கத்தி ஒன்றை எடுத்தார். பதினெட்டையும் கிழித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கிழித்தால் வந்த வேலை அங்கேயே முடிந்தது, அப்படியே திரும்பி ஊருக்கு விமானம் ஏறலாம். மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கத்திக்குப் பாஷை வேண்டாமே. பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"ஏட்டி, அவியளக் கை கழுவிட்டு வரச் சொல்லு."

"மதினி, சும்மா இருங்க. இன்னும் கோவப்படுத்தாதீங்க."

"நம்ம எடத்துல ஒங்க அண்ணனாவே இருந்தாலும் கை கழுவாமத் துணியத் தொட விடுதேனா? சொல்லு. என்ன, அடிச்சா போடுவாவ?"

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேலதிகாரி மறுபடி சொல்லச் சொன்னார். இந்தத் துணி அறுவை செய்த காயத்தின் மேல் போடுவது, கை கழுவாமல் யாரும் தொடுவதில்லை, தலையை மூடாமல் யாரும் பெட்டியைத் திறப்பதில்லை, அது எங்கள் தொழிற்கூடத்து விதி என்று இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதற்குள் மதினி கைப்பையைத் துழாவி, பரிசோதனைச் சாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவந்திருந்த துணித் தொப்பிகள் இரண்டை மேஜைமேல் வைத்தார். எங்கள் பெண்கள் வேலை நேரத்தில் போடுகிற வெள்ளைத் தொப்பி.

யாரும் சிரிக்கவில்லை. மேலதிகாரி தொப்பியைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். எழுந்து போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பெண் அதிகாரியும் போட்டுக்கொண்டார். அந்த மீசைக்கும் அந்தத் தொப்பிக்கும் கொஞ்சமும் பொருந்தவில்லை, ஆனால் ஒழுங்காகக் காதுவரை இழுத்துத்தான் விட்டிருந்தார். ராஜபாளையத்தில் தைத்த தொப்பியோடு அவர் எங்கள் துணியைத் தொட்டபோது எனக்குப் பயம் போய்விட்டது. மதினியைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி, தொடும் முறை சரியா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதாரண ரோல்கள் ஆறையும் பிரித்தார்கள். ஒட்டிய பொட்டலங்களை எந்திரத்தில் இரண்டு தடவை விடுங்கள் என்று கேட்டேன். விட்டார்கள். இருந்தாலும் ஒன்றையாவது பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றார் மேலதிகாரி. சரி, ஒன்றுக்கு ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்சம் கசங்கினாற்போல் இருந்த பொட்டலத்தை நோக்கிக் கையை நீட்டினார். அப்போதுதான் இத்தனை நேரம் உள்ளே இருந்த கோபம் எனக்கு வாய்க்கு வந்தது.

"அப்படி எடுக்கக் கூடாது. நானும் சோதனைதான் வேலையாகச் செய்கிறேன். கண்ணுக்கு ஒருமாதிரியாகத் தெரிவதை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதற்குப் பெயர் சோதனை இல்லை. முன்பே முடிவுகட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பார்க்காமல் எடுங்கள்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தார். நாலாவது லாட். கிழித்தார், துணி இருந்தது, வேறொன்றும் இல்லை. விதிமுறைப்படிதான் செய்தோம் என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"எல்லாருக்கும் இதே விதியான்னு கேளு," என்றார் மதினி.

கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வரிசை போய்க்கொண்டே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். உங்கள் விமானத்துக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்லி, தொப்பியைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். மணி ஒன்பது பத்து.

வெளியே பெஞ்சில் அந்த ஆப்பிரிக்கப் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். கானா நாட்டுப் பள்ளி ஆசிரியராம். கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். என்ன சொல்லி அவர்களைத் தொப்பி போட வைத்தீர்கள் என்று கேட்டார். கை கழுவச் சொன்னோம் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். மதினி பால்கோவாவில் ஊசி குத்தாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "பொறவு பேசிக்கிடலாம், ஓடு," என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். கதவு மூடுவதற்கு நாலு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

ஜெர்மனியில் இறங்கி, நிறுவனம் இருந்த ஊருக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். நான் இன்னும் அதிகாரியோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த மதினி திடீரென்று கேட்டார்.

"ஏட்டி, நம்ம கேட்டுல தெனம் சாயங்காலம் நாம என்ன செய்யுதோம்?"

எங்கள் தொழிற்கூடத்திலும் இருபத்திரண்டு பெண்கள். வேலம்மாள் என்று ஒரு வாட்ச்வுமன். தினமும் அவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அண்ணன், மதினி, நான், கணக்கர் நாலு பேரும் பக்கத்து வழியாக நடந்து போய்விடுவோம்.

"அது துணி களவு போகாம இருக்குததுக்கு மதினி. அது வேற."

"அவியளும் அதத்தான சொன்னாவ."

சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மறுநாள் பதினேழு பொட்டலங்களையும் கிழிந்த ஒன்றையும் பரிசோதனைச் சாலை மேஜைமேல் வைத்தோம். கிழிந்ததை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மதினி விடவில்லை, கிழித்தது யார், எங்கே, ஏன் என்று அப்படியே சொல்லச் சொன்னார். அங்கிருந்த அம்மையார் கேட்டுவிட்டு நாலாவது லாட்டுக்கு நேரே இரண்டு என்று எழுதிக்கொண்டார். ஆறு லாட்டும் தேறியது. ஏழு வாரம் கழித்து ஆர்டர் வந்தது. சிறிய ஆர்டர்தான். ஆனால் பெட்டிகளின் மேல் எங்கள் ஊர்ப் பெயரை அச்சடித்து அனுப்பினோம். அந்தப் பெட்டிகள் லாரியில் ஏறிய அன்று அண்ணன் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

இப்போது கேட்டவருக்குப் பதில். விமானம் மாற வேண்டியிருந்தால் நாலு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். அழைப்புக் கடிதமும் கல்லூரிக் கடிதமும் கைப்பையில் மேலாக இருக்கட்டும். நீங்கள் யார், எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், என்னைப் போல் கடைசியில் சொல்லாதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில். வேடிக்கைப் பேச்சு வேண்டாம். கையைத் தூக்கச் சொன்ன பிறகு தூக்குங்கள். பெண்கள், பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். சாப்பாட்டையும் மருந்தையும் கையுறை போட்டுத் தொடச் சொல்லிக் கேட்கலாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விதிகள் இன்று நிறைய மாறியிருக்கும், போகும் நாட்டின் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், எல்லாரையும் இப்படித்தான் சோதிக்கிறீர்களா என்று குரலை உயர்த்தாமல் ஒரு தடவை கேளுங்கள். பதில் வராது. ஆனாலும் கேட்டுவிட்டு வெளியே வருகிற நடையே வேறு.

ஊர் திரும்பிய மறுநாள் மதினி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருபத்தாறு சட்டைப் பொத்தான்களைப் போட்டுக் கேட்டில் வைத்தார். இருபத்தைந்து வெள்ளை, ஒன்று சிவப்பு. வெளியே போகிற யாரானாலும் பார்க்காமல் கையை விட்டு ஒன்று எடுக்க வேண்டும். சிவப்பு வந்தவரை மட்டும் வேலம்மாள் தடவிப் பார்ப்பாள். யோசனை மதினியுடையது, எண்ணிக்கை என்னுடையது.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "எங் கம்பெனியில என்னையவே தடவணுமா?"

"ஒங்களத் தடவணும்னு நான் சொல்லல. செவப்பு வந்தாத் தடவணும்னு சொல்லுதேன்."

ஒன்பதாவது நாள் அண்ணனுக்குச் சிவப்பு வந்தது. பின்னால் இருபத்திரண்டு பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். பெண்ணைத் தடவிப் பார்க்க வைத்திருந்த வேலம்மாளுக்கு முதலாளியை எப்படித் தொடுவது என்று தெரியவில்லை. கணக்கரைக் கூப்பிட்டாள். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கையைத் தூக்கி நின்றார். கணக்கர் சட்டைப் பையில் விரலை விட்டார். நாலாக மடித்த புதுப் பேண்டேஜ் துணி வந்தது. முகம் துடைக்கத் தறியிலிருந்து தினமும் ஒரு துண்டு கிழித்துக்கொள்வது அண்ணனுக்குப் பல வருடப் பழக்கம். நாலு வருடமாக எங்கள் கேட்டுச் சோதனைப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. பிடிபட்ட முதல் துணி அதுதான்.

வேலம்மாள் பேனாவை வைத்துக்கொண்டு மதினியைப் பார்த்தாள். "எழுதவாக்கா?"

"பேரு, பொருளு, அளவு. வேற ஆளா இருந்தா எப்படி எழுதுவியோ அப்படி எழுது."

அளந்தார்கள். முக்கால் மீட்டர். எங்கள் குடும்பத்தை நினைத்து நான் அன்றைக்குப் பெருமைப்பட்டதுபோல ஆர்டர் வந்த நாளில்கூடப் பெருமைப்படவில்லை. அண்ணன் பதிவேட்டை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.